சந்தனம் காய்ந்த கேன்

கேனில் வைத்த சந்தனம் மட்டும் காய்ந்து வெடித்திருந்தது.

பியூலா முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆயுத பூஜைக்காகப் பட்டறைச் சாமான்கள் அத்தனைக்கும், அங்கே கூட்டித் துடைக்கும் கன்னியம்மாதான் பொட்டு வைத்திருந்தாள். ஒரே கிண்ணத்துச் சந்தனம், ஒரே நேரத்தில் வைத்தது. டிரில்லிங் மெஷினில் வைத்தது இன்னும் ஈரமாக இருந்தது. தராசில் ஈரம். ரெசின் டிரம்மில் ஈரம். சுவரோரம் வரிசையாக வைத்திருந்த சிவப்புத் தீயணைப்பு வாளிகளில்கூட ஈரம். அந்த ஐந்து லிட்டர் கேனில் மட்டும் பாளம் பாளமாகப் பிளந்து கிடந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு துண்டு குங்குமத்தோடு உதிர்ந்து கீழே விழுந்தது.

அது மட்டும் ஏன் காய்ந்தது?

கேள்வி மனசில் எழுந்ததுமே விடையும் வந்துவிட்டது. கேன் சூடாகியிருக்கிறது.

எண்பத்தெட்டாம் வருஷம் அது. முடிச்சூர் சாலையில், நெல் வயல்களை மனைகளாக்கிக் கல் நட்டிருந்த இடத்தை ஒட்டி ஸ்ரீரங்கனின் ஃபைபர் பட்டறை இருந்தது. தண்ணீர்த் தொட்டி செய்வார்கள், நாற்காலி செய்வார்கள், கொஞ்ச நாளாகக் கோவளத்து மீனவர்களுக்குப் படகும் செய்கிறார்கள். தொட்டியோ படகோ, வேலை ஒன்றுதான். அச்சின் மேல் கண்ணாடி இழைப் பாயைப் பரப்பி, தேன் மாதிரி இருக்கும் ரெசினைத் தடவுவார்கள். ரெசின் தானாக இறுகாது. அதில் முதலில் ஊதா நிறத் திரவம் ஒன்றைக் கொஞ்சம் விட்டு நன்றாகக் கலக்கி, அதன் பிறகு நிறமில்லாத இன்னொன்றைச் சில சொட்டு விட வேண்டும். அந்த இரண்டாவதுதான் கேட்டலிஸ்ட். அரை மணியில் ரெசின் கல்லாகிவிடும். பட்டறையில் யாரும் பெயர் சொல்வதில்லை. ஒன்று ஊதா, இன்னொன்று வெள்ளை.

ரெசினுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டால் இரண்டும் சாது. ரெசின் இல்லாமல் நேருக்கு நேர் சேர்ந்தால் வெள்ளை சூடேறும், புகையும், அளவு அதிகமானால் வெடிக்கும். விளக்கோ தீக்குச்சியோ பக்கத்தில் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

இதைச் சொல்லித்தான் பியூலா வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம் வெள்ளைக் கேனுக்கு வேப்பமரத்து நிழலில் தனியாக ஒரு செங்கல் மாடம் கட்ட வைத்தாள். ஊதா பட்டறைக்குள்ளேயே இருந்தது. இரண்டுக்கும் தனித்தனி அளவு மக்கு. கேனிலிருந்து எடுத்ததில் மிச்சமிருந்தால் கேனில் திரும்ப ஊற்றக் கூடாது என்று ஒரு தாளில் எழுதி ஒட்டியிருந்தாள். பதினோரு மாதத்தில் அவள் வாய் திறந்து கேட்டு நடந்தது இவ்வளவுதான். மற்றபடி ஸ்டோர் ரூம் மேஜையில் குனிந்த தலை நிமிராமல் வேலை பார்த்துவிட்டு, ஐந்தரை மணிக்குக் குடையை எடுத்துக்கொண்டு மாடம்பாக்கம் வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள்.

பூஜைக்காகப் பட்டறைக்கு வெள்ளையடித்ததில் அந்தத் தாள் போய்விட்டது. மாடத்திலிருந்த கேன் உள்ளே வந்துவிட்டது. கலைவாணி படத்துக்கு முன்னால், ஊதாக் கேனுக்குப் பக்கத்தில், குத்துவிளக்கிலிருந்து இரண்டு முழத்தில், மாலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

ஸ்ரீரங்கன் சுலோகத்தைச் சற்று வேகமாகவே சொல்லிக்கொண்டிருந்தார். புதன்கிழமை, பன்னிரண்டுக்கு ராகு காலம். அதற்குள் கற்பூரம் காட்டிவிட வேண்டும். ஃபோர்மேன் மாரி ஒரு கையில் மணியும் மறு கையில் தீப்பெட்டியுமாகப் பக்கத்தில் நின்றான். தட்டில் கற்பூரம் தயாராக இருந்தது.

பியூலா பின்வரிசையில் நின்றாள். பூஜையில் எங்கே நிற்பது, கையை என்ன செய்வது என்று அவளுக்கு எப்போதும் தெரிவதில்லை. பக்கத்தில் நின்ற பட்டறைப் பையன் லாசரஸுக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது. அவளைப் போல அவனும் கிறிஸ்தவன்தான், மாதா கோயிலுக்குப் போகிறவன். நெற்றியில் விபூதியைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் தயாராக, பொரிக்கடலைத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.

சொல்ல வேண்டும். ஆனால் எப்படி? அவளுடைய சர்ச்சில் ஜெபம் நடக்கும்போது நடுவில் யாராவது எழுந்து நிறுத்துங்கள் என்றால் எப்படி இருக்கும்? அதுவும் வேற்று மதத்துப் பெண். அவள் கேனைப் பற்றிப் பேசுவதாக ஒருவரும் நினைக்க மாட்டார்கள்.

ஒருவேளை ஜன்னல் வெயில் பட்டுச் சுட்டிருக்குமோ? ஜன்னலைப் பார்த்தாள். வெயில் அந்தப் பக்கமே இல்லை. கேனின் பக்கங்களைப் பார்த்தாள். தட்டையாக இருக்க வேண்டிய பக்கங்கள் உப்பியிருந்தன. மூடியில் காற்றுப் போக ஒரு ஊசித் துளை உண்டு. அந்தத் துளையின் மேலேயே கன்னியம்மா ஒரு பெரிய பொட்டு வைத்திருந்தாள்.

பியூலா கால்களை நகர்த்தி முன்னால் போனாள். குனிந்து, கேனைத் தொடாமல், புறங்கையைப் பக்கத்தில் கொண்டுபோனாள். அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய குக்கரின் அருகில் கை நீட்டியது போல் இருந்தது.

"சார்."

மணிச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. மாரி மணியைக் கீழே வைத்துவிட்டுத் தீப்பெட்டியைத் திறந்தான்.

"சார், நிறுத்துங்க!"

சுலோகம் பாதியில் நின்றது. தன் குரல்தான் அது என்று அவளுக்கே ஒரு கணம் கழித்துத்தான் புரிந்தது.

"இன்னா டீச்சரம்மா," என்றான் மாரி, அவள் தாள் எழுதி ஒட்டிய நாளிலிருந்து கூப்பிடும் பெயரால். "சாமி கும்புடறதுக்கும் உன்கிட்ட பர்மிஷன் வாங்கணுமா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். ஸ்ரீரங்கன் தட்டைத் தாழ்த்தாமல் திரும்பிப் பார்த்தார். நல்ல மனிதர்தான். ஆனால் மணி பதினொன்று ஐம்பது.

"ஏம்மா, உனக்கு இஷ்டமில்லேன்னா வெளியில நிக்கலாமே. யாரும் உன்னைக் கட்டாயப்படுத்தலையே."

எதற்குப் பயந்தாளோ அதேதான். முகம் சுட்டது. ஒரு நொடி, மன்னிச்சிடுங்க சார் என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டால் என்ன என்றுகூடத் தோன்றியது. அவள் வெளியே போகலாம். மற்ற பத்துப் பேர்?

"பூஜைக்காகச் சொல்லலை சார். வெள்ளைக் கேன் கொதிக்குது. உப்பியிருக்கு பாருங்க. தீக்குச்சி கிழிக்காதீங்க. எல்லாரும் வெளிய போயிடணும் சார், இப்பவே."

"காத்தாலதானே நான் எடுத்தாந்து வெச்சேன், ஜில்லுனு இருந்துச்சே," என்ற மாரி, அவளுக்குக் காட்டுவதற்காகவே கேனின் மேல் உள்ளங்கையை வைத்தான்.

"தொடாதீங்க அண்ணா!"

அதற்குள் கையை இழுத்துக்கொண்டிருந்தான். உள்ளங்கையைப் பார்த்தான், கேனைப் பார்த்தான். பன்னிரண்டு வருஷம் அந்தக் கேனோடு பழகியவன். அவன் முகத்தில் இருந்த கேலி போன இடம் தெரியவில்லை.

"ஆமா சார்," என்றான். "சுடுது. பொண்ணு சொல்றது நெசந்தான். ஏய், எல்லாம் வெளிய நடங்கடா!"

அவள் சொல்லி அரை நிமிஷம் நடக்காதது அவன் சொன்னதும் நடந்தது. கற்பூரத் தட்டோடு ஸ்ரீரங்கன், சந்தனக் கிண்ணத்தோடு கன்னியம்மா, வெறுங்கையோடு மற்றவர்கள் என எல்லோரும் முற்றத்துக்கு ஓடி, தொட்டி வைக்கும் இரும்பு ஸ்டாண்டுக்குப் பின்னால் நின்றார்கள்.

"விளக்கு எரிஞ்சிக்கினே கீதே," என்றாள் கன்னியம்மா. "நான் போயி மலையேத்திட்டு வந்துடவா?"

"வேண்டாம் அக்கா. உள்ள யாரும் போகக் கூடாது."

லாசரஸ் வாசலோரம் இருந்த தீயணைப்பு வாளிகளில் இரண்டை எட்டி எடுத்துக்கொண்டு வந்திருந்தான். உள்ளே பார்த்துவிட்டுக் கத்தினான். "எம்மா, இதுல இருந்த மண்ணு எங்க?"

"நான்தான் கொட்டிட்டுத் தேச்சு வெச்சேன். பூஜைக்கு மண்ணோடயாடா வெப்பாங்க?" என்றாள் கன்னியம்மா.

"தீ புடிச்சா இதுல இருக்கற குங்குமத்தையா தூவுறது?"

"ஒரே ஓட்டம் சார்," என்று மாரி வேட்டியை மடித்துக் கட்டினான். "கேனைத் தூக்கிக் காலி மனையில போட்டுட்டு வந்துடறேன். நாந்தானே உள்ள கொண்டாந்தேன்."

அவன் ஓடியும் இருப்பான். பியூலா அவன் சட்டையைப் பிடித்துவிட்டாள். இதுவரை எந்த ஆணின் சட்டையையும் அவள் பிடித்ததில்லை.

"கையில இருக்கறப்போ மூடி தெறிச்சா முகத்துலதான் அடிக்கும் அண்ணா. அதுல ஒரு சொட்டு கண்ணுல பட்டாப் போதும். கண்ணு போயிடும். அசைக்கவே கூடாது. தூர நின்னு தண்ணி அடிக்கணும், குளிர்ற வரைக்கும்."

"தண்ணி எங்க..." என்று ஆரம்பித்த ஸ்ரீரங்கன் அண்ணாந்து பார்த்தார். தலைக்கு மேலேயே இருந்தது. ஒழுகுகிறதா என்று பார்க்க முந்தின நாள் ஆயிரம் லிட்டர் நிரப்பி வைத்த புதுத் தொட்டி.

ஹோஸ் பைப்பை மாட்டி, வால்வைத் திறந்து, லாசரஸ் பக்கவாட்டு ஜன்னலுக்குக் கீழே குந்திக்கொண்டு, தலையை வெளியே காட்டாமல் கையை மட்டும் உயர்த்தினான். பார்க்காமல் அடித்த முதல் வீச்சுத் தண்ணீர் கலைவாணி படத்தில் போய் விழுந்தது.

"அடப்பாவி, சாமி மேல அடிக்கிறான்!"

"மன்னிச்சுக்கோம்மா தாயே," என்று லாசரஸ் குனிந்தபடியே கும்பிட்டான். இரண்டாவது வீச்சில் குத்துவிளக்கு அணைந்தது. நெருப்பு போய்விட்டது. பியூலாவுக்குப் பாதிப் பயம் போய்விட்டது.

"இன்னும் இடது பக்கம்," என்றாள், முற்றத்தின் எதிர்ச்சுவர் விளிம்பிலிருந்து வாசல் வழியாக எட்டிப் பார்த்து. "கொஞ்சம் கீழ. ஆங், அப்படியே. நகத்தாதீங்க."

தண்ணீர் கேனின் மேல் சீராக விழுந்தது. வாழை இலையும் பொரியும் மாலையும் மிதந்து வாசல் வழியாக வெளியே வந்தன. ஐந்து நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. பத்து நிமிஷம். அவளுக்குள் ஒரு வெட்கம் தலைகாட்டியது. ஒன்றுமே ஆகாவிட்டால்? வெறும் பயத்தில் பூஜையைக் கெடுத்த பெண் என்றுதானே...

டப் என்று ஒரு சத்தம். கேனின் மூடி பறந்து கூரை ஆஸ்பெஸ்டாஸில் மோதி, சில்லுத் தெறிக்க, கேன் இருந்த இடத்துக்கு நேர் மேலே ஒரு பிளவை உண்டாக்கிவிட்டு விழுந்தது. பின்னாலேயே வெள்ளைப் புகை சீறிக்கொண்டு கிளம்பியது. காடியும் பழைய பெயின்டும் சேர்ந்தாற்போல் மூக்கை அறுக்கும் நாற்றம் முற்றம் முழுவதும் பரவியது.

மாரி தன் முகத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

"பைப்பை விட்டுடாதீங்க," என்றாள் பியூலா. "காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பார்த்து எல்லாரும் இந்தப் பக்கம் வந்துடுங்க."

இந்த முறை மாரி திரும்பிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

புகை சீறல் தணிந்து, மெலிந்து, நூலாகி, நின்றுபோக முக்கால் மணி நேரம் ஆனது. தொட்டியில் கால்வாசிக்குக் கீழே தண்ணீர் இறங்கியிருந்தது. அதன் பிறகும் அவள் யாரையும் உள்ளே விடவில்லை. பொறுத்துப் பார்த்து, பிறகு கண்ணாடியும் ரப்பர் கையுறையும் மாட்டிக்கொண்டு தானே உள்ளே போய்ப் பார்த்தாள். கேன் ஒரு பக்கம் ஒடுங்கிச் சரிந்திருந்தது. கையுறையைக் கழற்றி, தொடாமல் புறங்கையை நீட்டினாள். ஜில்லென்று இருந்தது. அவளும் மாரியுமாகத் தெருவிலிருந்து மண் அள்ளி வந்து, தண்ணீரில் குழைத்து, கேனைச் சுற்றிலும் கொட்டினார்கள். மிச்சத்தை இனி யாரும் வேலைக்கு எடுக்கக் கூடாது, நாளைக்கும் அது ஈரத்திலேயே இருக்கட்டும் என்றாள்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள். கன்னியம்மா எங்கிருந்தோ ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"குடி கண்ணு. மூஞ்சி வெளுத்துப் போயி கீது."

"நேத்து வரைக்கும் ஒழுங்கா இருந்த கேன்," என்றார் ஸ்ரீரங்கன். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "இன்னிக்கு மட்டும் என்ன வந்தது அதுக்கு?"

மாரி முன்னால் வந்தான்.

"நான்தான் சார். பூஜைக்குக் கொறையா வெக்கக் கூடாதுன்னு, சின்ன பாட்டில்ல மிச்சமிருந்த வெள்ளைய மக்குல ஊத்தி, அந்தக் கேனைக் கழுத்து வரைக்கும் ரொப்பினேன். கேன்ல திருப்பி ஊத்தாதேன்னு இந்தப் பொண்ணு எழுதித்தான் வெச்சுது. வருஷா வருஷம் ரொப்பறதுதானேன்னு..."

"எந்த மக்கு அண்ணா?" என்று பியூலா கேட்டாள்.

"வெள்ளை மக்குதான். ரெண்டும் ஒரே மாதிரி இருந்துச்சு. எப்பவும் வெள்ளை மக்குல நீ செவப்பா ஏதோ எழுதிப் போட்டிருப்பே. இன்னிக்கு ரெண்டுலயும் ஒண்ணும் காணோம்."

"அதுவா," என்றாள் கன்னியம்மா. "ரெண்டு மக்கும் ஒரே அழுக்கு. அசிட்டோன் நனைச்சு ஒரு தொட தொடச்சேன். செவப்பு, ஊதா எல்லாம் பளிச்சினு போயிடுச்சு."

பியூலா சொம்பைக் கீழே வைத்தாள்.

ஊதா மக்கின் கைப்பிடிக்குள் குழி உண்டு. என்ன துடைத்தாலும் அதற்குள் கொஞ்சம் ஊதா தங்கியிருக்கும். மாரி எடுத்தது அந்த மக்காகத்தான் இருக்க வேண்டும். அது இப்போது யாருக்கும் தெரியாது. சிவப்பு எழுத்து எதனால் எழுதியது என்பதும் யாருக்கும் தெரியாது. சொல்லாமல் இருந்துவிடலாம். இன்றைக்கு எல்லோரும் அவளை ஒரு மாதிரி மரியாதையோடு பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மாரி தலையைத் தொங்கப் போட்டு நின்றான்.

"அது நெயில் பாலிஷ் சார்," என்றாள்.

"என்னது?"

"மக்குல அடையாளம் போட்டது. தாம்பரம் ஸ்டேஷன்கிட்ட ஃபேன்சி ஸ்டோர்ல வாங்கினேன். நெயில் பாலிஷை அழிக்கறதே அசிட்டோன்தான் சார். இங்க நாளுக்கு நாலு தடவை எல்லாரும் அசிட்டோன்லதான் கை கழுவறோம். எனக்குத் தெரிஞ்சிருக்கணும். மாரி அண்ணா மேல மட்டும் தப்பு இல்ல."

முதலில் சிரித்தது கன்னியம்மா. "எம்மாடி, நகத்துக்கே பூசாத பொண்ணு மக்குக்குப் பூசி விட்டிருக்குது பாரு!"

"நாலு வருஷம் காலேஜு படிச்ச டீச்சரம்மாவே ஃபெயிலா!" என்றான் லாசரஸ்.

"மூணு வருஷம்தான்," என்றாள் பியூலா. அதற்கும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டாள். எதற்கென்று தெரியாமல் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. நின்றால் அழுகை வந்துவிடும் போலிருந்தது.

மாரி சிரிக்கவில்லை. பட்டறைக்குள் போய், கூரையில் விழுந்திருந்த பிளவைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தான். வெளிச்சம் அதன் வழியாக ஒரு கோடாக இறங்கியிருந்தது.

"மக்குல ஆணியால கீறி வுட்டுடு," என்றான் அவளிடம். "கீறினா எதுல தொடச்சாலும் போவாது. ஊதாவுக்கு வேற மக்கே வேணாம், டம்ளர் வெச்சுக்கலாம். உருவமே வேறயா இருந்தா கண்ண மூடிகினுகூட எடுக்கலாம்."

ஒன்பது மாதம் யோசித்தும் அவளுக்குத் தோன்றாதது அது. "ஆமாண்ணா," என்றாள்.

ஸ்ரீரங்கன் பக்கத்தில் வந்து நின்றார்.

"வெளியில நிக்கச் சொன்னேன் உன்னை."

"பரவால்ல சார்."

"பரவாயில்லேன்னு விடற விஷயம் இல்லே," என்றார்.

ஒன்றரைக்கு ராகு காலம் முடிந்தது. கற்பூரம் காட்டாமல் பூஜையை அப்படியே விடக் கூடாது என்றாள் கன்னியம்மா. உள்ளே வேண்டாம் என்று எல்லோருமே சொன்னார்கள். முற்றத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு, ஈரம் சொட்டும் கலைவாணி படத்தைத் துடைத்து வைத்தார்கள். ஆயுதத்துக்கு ஒரு சுத்தியலும் இரண்டு பிரஷும் போதும் என்றான் மாரி. தெருமுனைப் பெட்டிக்கடையிலிருந்து லாசரஸ் புதுப் பொரி வாங்கி வந்தான், வழியிலேயே கால்வாசியைத் தின்றுவிட்டு.

ஸ்ரீரங்கன் தட்டில் கற்பூரத்தை வைத்துவிட்டுத் தீப்பெட்டியைக் கையில் எடுத்தார். குச்சியை எடுத்தவர், உரசாமல் நிமிர்ந்து பின்வரிசையைப் பார்த்தார்.

"பியூலா, ஏத்தலாமாம்மா?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொள்ளவில்லை. பட்டறை வாசலைப் பார்த்தாள். ஊதாக் கேன் தன் அலமாரிக்குப் போயிருந்தது. ரெசின் டிரம் தூரத்தில். காற்று சாலைப் பக்கமாக அடித்தது. சுவரோரம் அசிட்டோன் டின் ஒன்று மூடாமல் இருந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் மாரி போய் அதை மூடி, எடுத்துக்கொண்டு வேலிக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டு வந்தான்.

இன்னொரு முறை சுற்றிலும் பார்த்தாள். பத்துப் பேரும் பொறுமையாகக் காத்திருந்தார்கள். யாருக்கும் அவசரம் இருந்ததாகத் தெரியவில்லை.

"ஏத்துங்க சார்," என்றாள்.